கிளென்வராவைக் காணவில்லை

கண்டியில் நான் பார்க்காத மனுஷர் இல்லை. ஆனால் ஒரே பேரோடு வந்த இரண்டு பேரை எதிரெதிர்க் கதிரையில் உட்காரவைத்து, இருவர் நியாயத்தையும் பொறுமையாகக் கேட்டு, குடிக்கப் பிளேன்டீயும் கொடுத்து, கடைசியில் இருவர் பேரையுமே பிடுங்கிக்கொண்டு அனுப்பிவைத்த ஆள் எங்கள் பேர் மாஸ்டர் ஒருவர்தான். அப்படி இன்னொருவர் இந்த உலகத்தில் இருந்தால், அவரையும் மாஸ்டரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

ஹந்தானைக்கு ஏறும் ரோட்டில் இருக்கிறது என் வீடு. என் வீட்டுக்காரர் லொறி ஓட்டிக் கட்டிய வீடு. அவர் போன பிறகு அறைகளைப் போர்டிங்குக்கு விட்டேன். சமையல் என் கை. அந்தக் கையைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. சொன்னவர்கள் இங்கே தங்கவில்லை.

மாஸ்டர் வந்தபோது வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். உடுப்பு ஒரு பை, கொம்பியூட்டர் வயர் மூன்று பெட்டி. பகலில் டவுனில் டியூஷன் வகுப்பில் கொம்பியூட்டர் படிப்பித்தார். வந்த அன்றே என் குசினிக்குள் நுழைந்து அலுமாரித் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஒரே மாதிரி இரண்டு டின் இருந்தன.

"அக்கா, இது என்ன?"

"தூள்."

"இது?"

"அதுவும் தூள்தான். ஒண்ணு வறுத்தது, ஒண்ணு வறுக்காதது."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"கைய வச்சா தெரியும்."

"உங்க கைக்குத் தெரியும். நாளைக்கு நீங்க இல்லாதப்போ வேற ஒருத்தர் சமைக்க வந்தா?"

"நான் இல்லாதப்போ இந்த அடுப்பு எரியாது மாஸ்டர். நீங்க போய்க் கை கழுவிட்டு வாங்க."

மறுநாள் காலையில் இரண்டு டின்னிலும் பேப்பர் ஒட்டியிருந்தது. நான் கிழிக்கவில்லை. ஒட்டிய பேப்பரால் குழம்பு கெடாது.

டியூஷன் அவருக்கு வயிற்றுப்பாடு. அவர் உயிர் இருந்தது வேறொரு வேலையில். அதற்குச் சம்பளம் கிடையாது. அதை எனக்கு விளங்கவைக்க அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன்.

கொம்பியூட்டரை நடத்துவதற்கு உள்ளே ஓர் ஏற்பாடு வேண்டும். லினக்ஸ் என்பது பல நாட்டு ஆட்கள் சேர்ந்து சும்மா செய்து, சும்மா கொடுக்கிற ஏற்பாடு. அதில் ஓடுகிற புரோகிராம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எது எங்கே போய் உட்கார வேண்டும், எது இல்லாமல் எது ஓடாது என்று எழுதி, ஒரு பொதியாகக் கட்டி, பொது அலுமாரியில் வைக்க வேண்டும். உலகத்தில் எங்கிருந்தாவது ஓர் ஆள் பேரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பொதி தானாக இறங்கிவரும். மாஸ்டர் அப்படிப் பொதி கட்டுகிறவர்.

அந்த அலுமாரியில் ஒரு பேருக்கு ஓர் இடம்தான். இரண்டு பொதி ஒரே பேரில் வந்தால் பின்னால் வந்தது முன்னால் இருந்ததன்மேல் ஏறி உட்கார்ந்து அதை இல்லாமல் ஆக்கிவிடுமாம். எங்கோ இருக்கும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், தங்கள் புரோகிராமுக்கு ஒரே பேரை வைத்துவிடுவார்கள். அப்புறம் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்கென்றே மற்ற நாட்டுப் பொதிக்காரர்கள் எங்கள் மாஸ்டரிடம் வருவார்கள். என் வீட்டு மேல் அறையில் இருந்துகொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெர்மன்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் தீர்ப்புச் சொல்லுவார்.

சட்டம் மூன்று வரி. இரண்டும் ஒரே வேலை செய்கிற புரோகிராம் என்றால், ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்துக்கொள்ளலாம். வேறு வேறு வேலை என்றால் யாராவது ஒருவர் பேரை மாற்ற வேண்டும். யார் என்று பேசித் தீர்க்க வேண்டும். பேசித் தீராவிட்டால் இருவருமே பேரை விட வேண்டும்.

"ரெண்டு பேருமா? இது என்ன மாஸ்டர் நியாயம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவரு சாகும்வரைக்கும் மறக்க மாட்டாரு அக்கா. ரெண்டு பேருக்கும் இல்லைன்னா, ரெண்டு பேரும் ஒத்துமையா என்னைத் திட்டுவாங்க. சண்டை முடிஞ்சிரும்."

இதை அவர் கொம்பியூட்டரோடு விட்டிருந்தால் நான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கீழ் அறையில் ரிஸ்வான் என்று ஒரு பிள்ளை இருந்தது. அக்குறணைப் பக்கம். புடவைக் கடையில் வேலை. அடுத்த மாதம் மாவனல்லையில் இருந்து இன்னொருவர் வந்தார், வங்கியில் வேலை. அவரும் ரிஸ்வான். நான் "ரிஸ்வான், சோறு ஆறுது" என்று கூப்பிட்டால் இரண்டு கதவு திறக்கும். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. இரண்டு பேரும் சாப்பிட வேண்டியவர்கள்தானே. மாஸ்டருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் முன் ஹோலில் உட்காரவைத்தார்.

"மாஸ்டர், இது என்ட வாப்பா வெச்ச பேரு. நான் என்னத்துக்கு உடணும்?" என்றது புடவைக் கடைப் பிள்ளை.

"எனக்கு மட்டும் ரோட்டுல கெடந்தா எடுத்தேன்? எங்கட வாப்பாவும்தான் வெச்சாரு," என்றார் வங்கிக்காரர்.

"முதல்ல வந்தது நான்."

"வயசுல மூத்தது நான்."

மாஸ்டர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். மூன்று ஞாயிறு போயிற்று. நாலாவது ஞாயிறு தீர்ப்பு: இந்த வீட்டுக்குள் வெறும் ரிஸ்வான் என்று ஒருவரும் இல்லை. ஒருவர் ரிஸ்வான்-புடவை. மற்றவர் ரிஸ்வான்-வங்கி. அன்றைக்கு இருவரும் சேர்ந்து அவரைத் திட்டிய திட்டில், அதுவரை முகம் பார்க்காதவர்கள் உயிர் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். பேர் தெருவுக்கும் பரவியது. புடவைப் பிள்ளையின் கலியாணத்துக்கு வந்த அன்பளிப்புப் பெட்டிகளில் பாதிக்கு மேல் "ரிஸ்வான்-புடவைக்கு" என்று எழுதியிருந்ததாகவும், பெண் வீட்டார் உள்ளே புடவைதான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டதாகவும் கேள்வி. மாஸ்டருக்குப் பேர் மாஸ்டர் என்று பேர் வைத்ததும் அந்தப் பிள்ளைதான்.

அடுத்தது நாய்கள். எதிர்வீட்டு மெனிக்கே நோனாவின் நாய் டொமி. பக்கத்து வீட்டு நாயும் டொமி. மாஸ்டர் ஒரு கிழமை, ஏழு நாளும், படியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தார். "அக்கா, ரெண்டும் காவல் காத்தா ஒண்ணுக்குப் பதில் ஒண்ணுன்னு விட்டுரலாம். ஒண்ணு காவல் காக்குது, மத்தது சாப்பிட மட்டும் செய்யுது. வேற வேற வேலை. பேரை மாத்தத்தான் வேணும்," என்றார். மெனிக்கே நோனாவிடம் போய்ச் சிங்களத்தில் விளக்கமும் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட மட்டும் செய்கிற நாய் தன்னுடையது என்று விளங்கியதும், கேற்றைச் சாத்திவிட்டார்.

கடைசியில் என்னிடமே வந்தார். என் பேர் இராசம்மா. கீழ் ஒழுங்கையில் இடியப்பம் விற்கிறவளும் இராசம்மா.

"அக்கா, ஒரு சின்ன விஷயம்..."

"மாஸ்டர், இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு. வேணுமா, வேணாமா?"

"வேணும் அக்கா."

"அப்ப அந்தக் கொப்பிய மூடுங்க."

மூடினார். ஆனால் பிறகு ரிஸ்வான்-வங்கி பார்த்துச் சொன்னார், என் பேருக்கு நேரே "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்று எழுதி வைத்திருந்தாராம். அவர் இங்கே இருந்த பதினொரு வருஷம் முடியும்வரை நடந்தது.

சிரித்தது போதும். இனிச் சொல்வதில் சிரிப்பு அதிகம் இல்லை.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மாஸ்டர் சொன்னார், தென் அமெரிக்காப் பக்கம் ஒரு மனிதர் ஒரு பேரை விடமாட்டேன் என்று நிற்கிறார், அது செத்துப்போன தன் மகனுடைய பேர் என்று எழுதியிருக்கிறார் என்று.

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"சட்டத்தப் போட்டேன். ஒரு வரி. மகன் பேருன்னாலும் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே அக்கா."

அந்த மனிதர் பேரை விட்டுக்கொடுத்துவிட்டாராம். அன்றைக்கு நான் மாஸ்டர் தட்டில் அப்பளம் வைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மாஸ்டர் பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கிளென்வரா டிவிஷனில். இடையில் ஓர் ஆறு; நான் பிறந்தது அதற்கு இந்தப் பக்கத்துத் தோட்டம். பத்து வயதில் படிக்கவென்று கண்டிக்கு வந்தவர் அவர். அம்மாவும் தங்கச்சியும் அந்தத் தோட்டத்து லயத்திலேயே, வரிசை வீட்டில், இருந்தார்கள். மாதம் ஒருமுறை போவார். போகும்போது நான் பொரித்த கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவேன். திரும்பி வரும்போது தங்கச்சி எனக்கு வெற்றிலை கொடுத்தனுப்பும். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. வெற்றிலை நல்ல தளிர்.

மாஸ்டர் என் வீட்டுக்கு வந்த ஆறாம் வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒரு காலையில் மலை இறங்கிவிட்டது. லயம், கோயில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா, எல்லாம் ஒரே மண். மாஸ்டர் அப்போது டவுனில் வகுப்பில் இருந்தார். மத்தியானத்துக்குள் அவருக்கு ஊரும் இல்லை, ஆளும் இல்லை. மிஞ்சியவர்களை வேறு இடத்தில் குடிவைத்தார்கள். பேப்பரில் "ஹேவாஹெட்டப் பகுதியில் மண்சரிவு" என்று வந்தது. கிளென்வரா என்று ஒரு பேப்பரிலும் வரவில்லை. மாஸ்டர் எல்லாப் பேப்பரையும் வாங்கித் தேடினார்.

அவர் அழுது நான் பார்க்கவில்லை. என் வீட்டுக் கூரையில் ஒரு மழை அளக்கிற குழாயைக் கட்டினார். அதிலிருந்து வயர் இழுத்துத் தன் கொம்பியூட்டரில் பூட்டினார். அப்புறம் மூன்று மாதம் உட்கார்ந்து தானே ஒரு புரோகிராம் எழுதினார். மழை இவ்வளவுக்கு மேல் போனால், இத்தனை நாள் விடாமல் பெய்தால், அது மணி அடித்து எழுப்பும். அதற்குக் கிளென்வரா என்று பேர் வைத்தார். பொதியாகக் கட்டி அலுமாரியில் வைத்தார். மலைநாட்டு ஆட்கள் எங்கெங்கோ இருந்து அதை இறக்கி வைத்துக்கொண்டார்கள். "அக்கா, நேபாளத்துல ஒரு ஸ்கூல்ல கிளென்வரா ஓடுது," என்பார். "பெருவுல ஒரு பண்ணைல ஓடுது," என்பார். ஊர்க்காரர்கள் வெளிநாடு போயிருப்பதைச் சொல்வது போலவே சொல்லுவார்.

நாலு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் ஸ்கொட்லாந்துக்காரர் வந்தார்.

அவரும் ஒரு புரோகிராம் வைத்திருந்தார். அவர் ஊரில் கிழவர்கள் பிடில் வாசிக்கிற பாட்டுகளை எழுதி வைக்கிறதாம். அதை இப்போது அலுமாரியில் வைக்க வேண்டும். அதன் பேரும் கிளென்வரா. ஏனென்றால் அது அவர் பிறந்த ஊர். அங்கிருந்து வந்த ஒரு துரைதான் நம் மலையில் தேயிலை வைத்து, தன் ஊர்ப் பேரைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறான்.

ஒரே பேர், வேறு வேறு வேலை. மாஸ்டருடைய பேர் அலுமாரியில் முந்தியது. ஆனால் ஸ்கொட்லாந்துக்காரருடைய புரோகிராம் அலுமாரிக்கு வெளியே அதற்கும் முந்தியே இருந்திருக்கிறது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

அந்த ஆள் பொல்லாதவர் இல்லை. ஒவ்வொரு ஈமெயிலையும் அங்கே மழை எப்படி என்று சொல்லித்தான் தொடங்குவார். மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் தமிழில் வாசித்துக் காட்டுவார். வீடே காத்திருக்கும்.

"அந்த மனுஷன் இண்டைக்கு என்ன சொல்றாரு மாஸ்டர்?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பார் ரிஸ்வான்-வங்கி.

"அவங்க அப்பா கடை இன்னமும் அந்த ஊர்ல இருக்காம். கடைப் பலகைல கிளென்வரான்னு இருக்காம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க ஊர்க்காரன்தானே கொண்டாந்து நம்ம மலைல ஒட்டினான்? குடுத்த பேரத் திருப்பிக் கேப்பாங்களா? எழுதுங்க மாஸ்டர்."

"எழுதிரவா?"

"நான் சொன்னேன்னு எழுதுங்க."

எழுதினார். அதற்குப் பெரிய பதில் வந்தது. தன் ஊர்த் துரை செய்ததற்கெல்லாம் மூன்று பந்தியில் மன்னிப்புக் கேட்டிருந்தார். நாலாவது பந்தியில் பேர் தனக்குத்தான் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

ஒரு விஷயம் மட்டும் அந்த ஆளுக்குத் தெரியாது. கிளென்வரா மண்ணுக்குள் போன விஷயம். மாஸ்டர் ஒரு ஈமெயிலிலும் அதைச் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தது ஒரு சனிக்கிழமை, அவர் குசினியில் தேங்காய் துருவித் தந்துகொண்டிருந்தபோது.

"மாஸ்டர், ஏன் சொல்லல? அங்க யாரு போனாங்கன்னு சொல்லுங்க. மனுஷன்னா விட்டுருவான்."

"விட்டுருவாரு அக்கா. அதனாலதான் சொல்லல."

"இது என்ன பேச்சு?"

துருவுவதை நிறுத்தினார். "முன்ன ஒருத்தர் மகன் பேருன்னு எழுதினாரே. நான் என்ன போட்டேன்?"

"சட்டத்தப் போட்டீங்க."

"எத்தனை வரி?"

"ஒரு வரின்னு சொன்னீங்க."

"அப்ப எனக்கு மட்டும் எப்படி அக்கா ரெண்டு வரி?"

தேங்காய்ப் பூவை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் அந்தத் தென் அமெரிக்கா மனிதருக்கு அன்றே கடிதம் எழுதினார் என்று பிறகு சொன்னார். மன்னிப்புக் கேட்டு, பழைய விலாசத்துக்கு. பதில் வரவில்லை. ஆள் இருக்கிறாரோ இல்லையோ.

பேச்சு இரண்டு மாதம் நடந்து தீராமல் நின்றது. மாஸ்டர் தானே உட்கார்ந்து தனக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதினார். பேசித் தீரவில்லை, ஆகவே இருவரும் பேரை விட வேண்டும். ஸ்கொட்லாந்துக்காரர் தன் பேரோடு பிடிலைச் சேர்த்துக்கொண்டார். மாஸ்டருக்குச் சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை. மூன்று நாள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தாளைப் பார்த்தார். இத்தனை ஆயிரம் பேருக்குப் பேர் பார்த்துக் கொடுத்த மனிதர்.

நான் பிளேன்டீ வைத்துவிட்டு, "ஊத்துமலைன்னு வைங்களேன்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க பெரிய ஆளுங்க உங்க டிவிஷன அப்படித்தான் சொல்லுவாங்க. கிளென்வராங்கறது பலகைல இருந்த பேரு. எங்க சின்னம்மாவ அங்கதான் கட்டிக் குடுத்திருந்தாங்க. 'ஊத்துமலைக்குப் போறேன்'னுதான் சொல்லுவா. கால வச்ச எடமெல்லாம் தண்ணி கசியுமாம்."

தேநீர் ஆறிப் போனது.

"அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க அக்கா," என்றார் பிறகு. "நான் பலகைல இருந்தத எழுதிட்டேன்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். "மலைக்குள்ள தண்ணி இருக்குன்னு பேர்லயே சொல்லி வச்சிருந்தாங்க. படிச்ச ஒருத்தனுக்கும் கேக்கல."

படிச்சவன் என்று அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆறிய தேநீரை ஊற்றிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை பேரை மாற்றிப் பொதியை ஏற்றினார். அங்கேதான் பிழை விட்டார். பதினொரு வருஷத்தில் அவர் விட்ட ஒரே பிழை.

பொதியின் பேரை மாற்றும்போது, பழைய பேரில் ஒரு வெறும் பெட்டியை விட்டுவைக்க வேண்டும். அதற்குள் ஒன்றும் இருக்காது. பழைய பேரைச் சொல்லி வருகிறவர்களைப் புதுப் பேரிடம் கூட்டிக்கொண்டு போகிற வேலை மட்டும்தான் அதற்கு. கொஞ்சக் காலம் ஆனதும், எல்லோரும் புதுப் பேருக்குப் பழகிய பிறகு, அதையும் எடுத்துவிடுவார்கள். அந்த வெறும் பெட்டியை விட மறந்ததற்காக மாஸ்டர் எத்தனையோ பேரை ஏசியிருக்கிறார். ஓர் இத்தாலிக்காரரை அழவைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். இப்போது அவரே மறந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவருக்கு வகுப்பில்லை. மேலே இருந்து "அக்கா" என்று ஒரு சத்தம். நான் முழங்கால் வலியோடு ஏறிப் போனேன். கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஈமெயில் வந்துகொண்டிருந்தது.

"என்ன மாஸ்டர்?"

தமிழில் வாசித்தார். "கிளென்வராவைக் காணவில்லை. நேற்று வரை இருந்தது. எங்கே போனது என்று யாருக்காவது தெரியுமா?"

அடுத்ததை வாசித்தார். "எங்கள் ஊரில் மழை தொடங்கிவிட்டது. கிளென்வரா இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள், கிளென்வராவுக்கு என்ன நடந்தது?"

அடுத்தது. அதற்கு அடுத்தது. நேபாளம், பெரு, எனக்குப் பேர் தெரியாத நாடுகள். எல்லோரும் ஒரே கேள்வி.

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல அக்கா," என்றார். "இப்பதான் கேக்குறாங்க."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடியும்வரை எழுந்து போகவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. என் சமையல் தீய்ந்தது அந்த ஒருநாள்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பொழுதுபடுவதற்குள் வெறும் பெட்டியைச் செய்து அலுமாரியில் வைத்தார். அதோடு விடவில்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டார். இப்போது அதன் பேர் ஊத்துமலை, அந்தப் பேரில் கேளுங்கள், வரும் என்று. எத்தனை வரி என்று கேட்டேன். "கொஞ்சம் நீளமா எழுதுறேன் அக்கா," என்றார்.

அடுத்த மழைக் காலத்துக்கு முன் மாஸ்டர் போய்விட்டார். காலையில் வகுப்புக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினவர், நடுப்படியில் உட்கார்ந்தார். நெஞ்சு. ரிஸ்வான்கள் இரண்டு பேரும்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புடவைப் பிள்ளை, கலியாணம் கட்டிப் போயும் அன்று ஏதோ வேலையாக வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அவருடைய சொந்தப் பேரை நான் முதல்முதல் பார்த்தது மரண நோட்டீஸில். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தப் பேரில் எங்கள் ரோட்டில் வேறு யாரும் இல்லை. அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

ரிஸ்வான்-வங்கி அந்தப் பொதிக்காரர்களுக்கு விஷயத்தை எழுதினார். ஆறுதல் சொல்லிப் பல நாட்டிலிருந்து பதில் வந்தது. அவர் கட்டிய பொதிகள் என்ன ஆகும் என்று கேட்டேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பொதிகளை ஒரு பட்டியலில் போடுவார்களாம். அந்தப் பட்டியலுக்கு அவர்கள் பாஷையில் அநாதைகள் என்று பேராம்.

"யாரு அநாதை?" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். "பதினொரு வருஷம் இந்த வீட்டுல சோறு தின்ன மனுஷன்ட சாமான் அநாதையா? அந்தப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க. நான் பார்த்துக்குறேன்னு எழுதுங்க."

"அம்மா, அதுக்குக் கொம்பியூட்டர் தெரியணுமே," என்றார் ரிஸ்வான்-வங்கி, மெதுவாக.

அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆள் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா.

இரண்டு கிழமை கழித்து ஊத்துமலையை ஒருவர் எடுத்துக்கொண்டார். ஸ்கொட்லாந்துக்காரர்.

போன மாதம் அவரே போனில் பேசினார். மாஸ்டர் தங்கியிருந்த வீட்டாரோடு பேச வேண்டும் என்று கேட்டாராம். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ரிஸ்வான்-வங்கி நடுவில் இருந்து அவர் சொன்னதைத் தமிழிலும் நான் சொன்னதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொன்னார். முதலில் ஸ்கொட்லாந்துக்காரர் அங்கே மழை எப்படி என்று சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். பழைய பேரில் இருக்கிற வெறும் பெட்டியை எடுக்கும் காலம் வந்துவிட்டது. சட்டப்படி எடுக்க வேண்டும். ஆனால் மாஸ்டருடைய ஆட்கள் விரும்பினால் விட்டுவைக்கத் தயார். இந்த ஒன்றுக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டார்.

கிளென்வரா என்ற பேர் எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்தது அந்த வெறும் பெட்டியில்தான். பலகை மண்ணோடு போயிற்று. நான் வேண்டும் என்றால் இருக்கும்.

"மாஸ்டர் தீர்ப்புல யாருக்கும் ரெண்டு வரி எழுதினதில்ல," என்றேன். "சட்டப்படி எடுக்கச் சொல்லுங்க."

ரிஸ்வான்-வங்கி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அப்புறம் அந்த ஆள் கேட்டார், ஊத்துமலை என்பது எந்த இடம், வந்தால் பார்க்கலாமா என்று. மாஸ்டர் சொல்லாததைச் சொல்ல நான் யார்? தூரம் என்றேன். மழை அதிகம் என்றேன். வெற்றிலை நன்றாக வரும் என்றேன்.

அவர் போனை வைக்கப் போனார். நான் விடவில்லை.

"ரிஸ்வான், அந்தப் பேர அவரு வாயால ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க. கேப்போம்."

சொன்னார். சரியாக வரவில்லை. நான் ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல், சொல்லிக் கொடுத்தேன். திரும்பச் சொன்னார். அதுவும் கோணல். ரிஸ்வான்-வங்கி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மூன்றாவது தடவை பரவாயில்லை. நாலாவது தடவை, ஊத்துமலை என்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் சொல்வது போலவே வந்தது. மாஸ்டர் பக்கத்தில் இருந்திருந்தால் போதும் அக்கா என்றிருப்பார்.

எனக்குப் போதவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.